ஜவ்வாது மலையும் ஒரு சிறுகோளின் பாதையும்

அமிர்தி என்றால் வேலூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது உயிரியல் பூங்காவும், மழைக்காலத்தில் தண்ணீர் கொட்டும் அருவியும்தான். பள்ளிக்கூடத்துச் சுற்றுலா என்று கூட்டிக்கொண்டு போவார்கள். மானைப் பார்த்து, மயிலைப் பார்த்து, கட்டிக்கொண்டு போன புளிசாதத்தை மரத்தடியில் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு சாயங்காலத்துக்குள் திரும்பிவிடுவார்கள். பூங்காவுக்குப் பின்னால் எழுந்து நிற்கும் மலையை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. அதுதான் ஜவ்வாது மலை. அமிர்தியிலிருந்து காகம் பறக்கும் தூரத்தில் தென்மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் போனால், அதே மலையின் மேல் காவலூர் இருக்கிறது. அங்கே வெள்ளைக் கூரையோடு நிற்கும் கட்டடங்கள்தான் வைணு பாப்பு வானாய்வகம். இன்னும் ஒரு 35 கிலோமீட்டர் நேர்மேற்கே போனால் மலை இறங்கி, நாட்றம்பள்ளி வந்துவிடும்.

இந்தக் கட்டுரை நாட்றம்பள்ளியில்தான் தொடங்குகிறது.

2016 பிப்ரவரி 6, சனிக்கிழமை. நாட்றம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் பகல் வேளையில் பெரிய வெடிச்சத்தம். கட்டடத்தின் கண்ணாடிகளும் நின்றிருந்த பஸ்களின் கண்ணாடிகளும் நொறுங்கின. பஸ் ஓட்டுநர் ஒருவர் இறந்துபோனார். மூன்று பேருக்குக் காயம். தரையில் சில அடி ஆழத்துக்கு ஒரு குழி. அதன் அருகே நீலம் கலந்த கறுப்பு நிறத்தில் ஒரு சின்னக் கல் கிடைத்தது என்றார்கள். முதலில் வெடிகுண்டோ என்று சந்தேகம். அடுத்த நாள் முதலமைச்சர் ஜெயலலிதா வெளியிட்ட அறிக்கையில், விண்கல் விழுந்து ஓட்டுநர் இறந்ததாகச் சொல்லி, குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தார். அவ்வளவுதான்! லண்டன், நியூயார்க் பத்திரிகைகளில் எல்லாம் நம் மாவட்டத்தின் பெயர். விண்கல் தாக்கி இறந்த முதல் மனிதர் என்று தலைப்பு. (அப்போது நாட்றம்பள்ளி, காவலூர், அமிர்தி மூன்றுமே வேலூர் மாவட்டம்தான். 2019-ல் மாவட்டத்தைப் பிரித்தபோது முதல் இரண்டும் திருப்பத்தூருக்குப் போய்விட்டன.)

சில நாட்களில் நாசா தரப்பிலிருந்து மறுப்பு வந்தது. படங்களைப் பார்த்தால் தரையிலேயே நடந்த வெடிப்புப் போல இருக்கிறது என்றார்கள். காவலூர் வானாய்வகத்தை நடத்தும் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆட்களும் வந்து பார்த்தார்கள். அந்த நேரத்தில் எரிகல் மழை எதுவும் எதிர்பார்க்கப்படவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை, அது விண்கல் என்றால் மிக அபூர்வமான சம்பவம் என்றார்கள்.

இது வெறும் வேடிக்கைச் செய்தி இல்லை. வானத்திலிருந்து விழுந்தது என்றால் யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. விதி என்று விட்டுவிடலாம். தரையில் இருந்த ஏதோ வெடித்தது என்றால், அது என்ன, யார் கொண்டுவந்தது, ஏன் அங்கே இருந்தது என்று கேட்டே ஆக வேண்டும். இறந்தவரின் வீட்டாருக்கு இரண்டும் ஒன்றல்ல. அப்படியானால் வானத்தின் மேல் பழி போடுவதற்கு முன்னால் வானத்தை விசாரிக்க வேண்டும் அல்லவா? வானத்தை விசாரிப்பது என்றால், அங்கிருந்து வரும் கற்கள் எந்தப் பாதையில் வருகின்றன என்று கண்டுபிடிப்பதுதான். அந்த வேலை தமிழ்நாட்டில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வந்திருக்கிறது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பயப்பட வேண்டாம், கூட்டல் கழித்தல்தான். சூரியனைச் சுற்றும் ஒரு பொருளின் பாதையை முழுதாகச் சொல்ல ஆறு எண்கள் வேண்டும். நீள்வட்டம் எவ்வளவு பெரிது, எவ்வளவு நசுங்கியது, எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எந்த நேரத்தில் எந்த இடத்தில் பொருள் இருந்தது என்பது போன்ற விவரங்கள். தொலைநோக்கியில் ஒருமுறை பார்த்தால் கிடைப்பது இரண்டே எண்கள். வானத்தில் கிழக்கு மேற்காக எங்கே, வடக்கு தெற்காக எங்கே என்பதோடு சரி. தூரம் தெரியாது. ஆகவே ஆறு எண்களுக்குக் குறைந்தது மூன்று பார்வைகள் வேண்டும். இரண்டு பார்வையோடு நின்றுவிட்டால் நாலு எண்தான். பாதை கிடைக்காது.

1801 ஜனவரி 1 அன்று இத்தாலியில் பியாசி சீரிஸைக் கண்டுபிடித்தார். சில வாரங்களில் அது சூரிய வெளிச்சத்துக்குள் போய் மறைந்துவிட்டது. அப்போது 24 வயதான காவுஸ், இருந்த கொஞ்சம் அளவுகளை வைத்துப் பாதையைக் கணக்கிட்டுச் சொல்ல, அந்த ஆண்டின் கடைசி நாளில் சீரிஸ் திரும்பக் கிடைத்தது. பாதை தெரிந்தால் தொலைந்ததைத் தேடி எடுக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டிய சம்பவம் இது.

பாதை கிடைக்காமல் தொலைந்து போன கதை சென்னையில் நடந்தது.

நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் கட்டிய வானாய்வகம் ஒன்று இருந்தது. அங்கே 1861-ல் பொறுப்பேற்க வந்தவர் நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேயர். விண்மீன்களின் ஒளியை அளக்க இன்றும் எல்லோரும் பயன்படுத்தும் அளவுகோல் இவர் வகுத்துக் கொடுத்தது. ஒரு படி ஏறினால் ஒளி 2.512 மடங்கு குறையும் என்ற கணக்கு. வந்த சில வாரங்களில், 1861 ஏப்ரல் 17 அன்று, ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு 'ஏசியா' என்றே பெயர். பிறகு 1864-ல் சாஃபோ, 1866-ல் சில்வியா, 1868-ல் கமில்லா, 1885-ல் வேரா. ஐந்தும் நுங்கம்பாக்கத்து வானத்தில் கிடைத்தவை. அப்போது படம் பிடிக்கும் வசதி கிடையாது. விண்மீன்களைக் கையால் வரைபடமாக வரைந்து வைத்துக்கொண்டு, மறுநாள் இரவு ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, எது நகர்ந்திருக்கிறது என்று தேட வேண்டும். சில்வியாவுக்கு இரண்டு நிலாக்கள் இருப்பது 2005-ல் தெரிய வந்தது. ஒரு சிறுகோளுக்கு இரண்டு நிலா இருப்பதாக உலகம் அறிந்தது அப்போதுதான் முதல்முறை. பிறகு கமில்லாவுக்கும் இரண்டு என்று தெரிந்தது. சென்னைக்காரர்கள் யாராவது கொண்டாடினார்களா என்றால், இல்லை!

போக்சனிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1867-ல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர் அவர்.

சரி, தொலைந்த கதைக்கு வருவோம். 1872 நவம்பர் 27 இரவு ஐரோப்பாவில் பெரிய எரிகல் மழை பெய்தது. பீலா என்ற வால்மீன் சிதைந்துபோய், அதன் தூசுக்குள் பூமி நுழைந்ததால் வந்த மழை அது. ஜெர்மனியில் கிளிங்கர்ஃபூஸ் என்ற வானியலாளர் ஒரு யோசனை செய்தார். வால்மீன் பூமியை உரசிக்கொண்டு போயிருந்தால், இப்போது வானத்தின் எதிர்ப்பக்கத்தில், தெற்கே செந்தாரஸ் மண்டலத்துப் பக்கம் இருக்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து அது தெரியாது. சென்னையிலிருந்து தெரியும். உடனே போக்சனுக்குத் தந்தி அடித்தார். எந்த விண்மீனுக்கு அருகே தேட வேண்டும் என்பதுவரை தந்தியில் இருந்தது.

டிசம்பர் மாதத்துச் சென்னை வானம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வடகிழக்குப் பருவமழை, மேகம். அப்படியும் விடியற்காலையில் கிடைத்த இடைவெளியில் போக்சன் தேடினார். தந்தி சொன்ன இடத்துக்கு அருகிலேயே ஒரு வால்மீன் இருந்தது! அடுத்த விடியற்காலையிலும் பார்த்து இடத்தை அளந்துகொண்டார். மூன்றாவது நாள் மேகம் மூடிக்கொண்டது. மறுபடி அது கிடைக்கவே இல்லை.

இரண்டு பார்வை. நாலு எண். ஒரே ஒரு விடியற்காலை குறைந்ததால் பாதை போயிற்று. பின்னால் வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்து, அது பீலா வால்மீனாக இருக்க முடியாது என்ற முடிவுக்கு வந்தார்கள். பிறகு எது? தெரியாது. வால்மீன் பட்டியலில் அதன் பெயருக்கு முன்னால் இன்றும் 'எக்ஸ்' என்ற எழுத்து நிற்கிறது. பாதை கணக்கிட முடியாத வால்மீன் என்று அர்த்தம்.

அந்த நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் வேலை 1899-ல் கொடைக்கானலுக்குப் போயிற்று. கொடைக்கானலில் இயக்குநராக இருந்த வைணு பாப்பு, இரவு வானத்தைப் பார்க்க நல்ல இடம் தேடி அலைந்து, ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம். சுற்றிலும் காடு. நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் வட வானமும் தெரியும், தென் வானத்தில் பெரும்பகுதியும் தெரியும். 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. பாப்பு கனவு கண்ட 2.3 மீட்டர் தொலைநோக்கியை அவர் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. 1982-ல் காலமானார். 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி வந்து திறந்து வைத்தபோது வானாய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் அவர் பெயரே வைக்கப்பட்டது. ஆக, போக்சனின் நேர் வாரிசு யார் என்றால் ஜவ்வாது மலைதான்.

ஆனால் நம் கதைக்கு வேண்டியது அந்தப் பெரிய தொலைநோக்கி இல்லை. பெரியது ஆழமாகப் பார்க்கும், அகலமாகப் பார்க்காது. ஊசித் துளை வழியே திருவிழாவைப் பார்ப்பது போல. எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஒன்றைத் தேட, ஒரே படத்தில் வானத்தில் பெரிய பரப்பை அள்ளும் ஷ்மிட் வகைத் தொலைநோக்கி வேண்டும். காவலூரில் 45 சென்டிமீட்டர் ஷ்மிட் ஒன்று இருந்தது. அதை வைத்து 1987 வாக்கில் ஆர். ராஜமோகன் தலைமையில் ஒரு தேடலைத் தொடங்கினார்கள். சிறுகோள், வால்மீன் என்று சூரிய மண்டலத்தில் புதிதாக எது நகர்ந்தாலும் பிடிப்பது நோக்கம். அதற்கு வைத்த பெயர் 'கல்கி'. உலகம் முடிகிற நேரத்தில் வருகிற அவதாரம் அல்லவா! பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது.

வேலை செய்யும் முறை எளிது, பொறுமைதான் கடினம். வானத்தின் ஒரே பகுதியை இடைவெளி விட்டு இரண்டு முறை படத்தகட்டில் பிடிக்க வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் விண்மீன்கள் அசையாது, சிறுகோள் மட்டும் இடம் மாறித் தெரியும். 1988 பிப்ரவரி 17 அன்று அப்படி ஒரு புள்ளி சிக்கியது. சும்மா சிக்கினால் போதாது என்று போக்சன் கதையில் பார்த்தோம். தொடர்ந்து அளவெடுத்து, பாதை உறுதியாகி, 4130 என்ற எண் கிடைத்தது. எண் என்பது பட்டா மாதிரி. பாதை நன்றாகத் தெரிந்த பிறகுதான் கொடுப்பார்கள், பெயரும் அதற்குப் பிறகுதான். கணித மேதை ராமானுஜனின் நூற்றாண்டு 1987 டிசம்பரில் நடந்து முடிந்திருந்த நேரம். அவர் பெயரையே வைத்தார்கள். 1885-ல் போக்சன் வேராவைக் கண்டுபிடித்ததற்குப் பிறகு, நூறாண்டுக்கும் மேலான இடைவெளி கழித்து இந்திய மண்ணிலிருந்து வந்த சிறுகோள். கல்கி தேடலில் மொத்தம் ஆறு புதிய சிறுகோள்கள் கிடைத்தன.

ராமானுஜன் சாது. ஏறத்தாழ 8 கிலோமீட்டர் அகலமுள்ள அந்தப் பாறை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே, சூரியனைச் சுற்றிவர நாலேகால் ஆண்டு எடுத்துக்கொண்டு தன் பாட்டில் போகிறது. பூமி பக்கம் வராது. ஆபத்து, பூமியின் பாதையை வெட்டிக்கொண்டு போகும் சிறிசுகளால்தான். அவை சிறியவை, மங்கியவை, வேகமானவை. பல நாள் காத்திருந்து படத்தகட்டைக் கழுவிப் பார்ப்பதற்குள் வந்துவிட்டுப் போயே போய்விடும்.

அப்படி ஒன்று 2020 ஆகஸ்ட் 16 அன்று வந்தது.

ஞாயிற்றுக்கிழமை. கொரோனா காலம். அந்த மாதம் தமிழ்நாட்டில் எல்லா ஞாயிறும் முழு ஊரடங்கு. ஆம்பூர் பஜாரிலும் வாணியம்பாடியிலும் கடைகள் அடைத்துக் கிடந்தன, ஷூ கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்களும் இல்லை. காலை 9.38 மணிக்கு, இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு மேலே, 2,950 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு பாறை பூமியைக் கடந்து போனது. 2,950 கிலோமீட்டர் என்றால் ஏறத்தாழ கன்னியாகுமரிக்கும் ஸ்ரீநகருக்கும் உள்ள நேர்த்தூரம். நமக்கு டிவி காட்டும் செயற்கைக்கோள்கள் எல்லாம் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றுக்கு வெகு கீழே புகுந்து போயிருக்கிறது. அகலம் 3 முதல் 6 மீட்டர், ஒரு காரோ வேனோ இருக்கிற அளவு. வேகம் நொடிக்கு 12.3 கிலோமீட்டர். வேலூரிலிருந்து ஆம்பூருக்கு நாலைந்து நொடி!

உலகத்தில் ஒருவருக்கும் அது தெரியாது. சூரியன் இருக்கும் பக்கத்திலிருந்து வந்ததால் எந்தத் தொலைநோக்கியும் பார்க்கவில்லை. பகலில் விண்மீன் தேட முடியுமா?

கடந்து போய் ஆறு மணி நேரம் கழித்துத்தான் அகப்பட்டது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் பாலோமார் மலையில் 1.2 மீட்டர் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. அதுவும் ஷ்மிட் வகைதான், காவலூரில் இருந்ததற்குப் பெரியண்ணன். இப்போது படத்தகட்டுக்குப் பதிலாக அதில் பெரிய டிஜிட்டல் கேமரா. அது இரவு முழுவதும் எடுத்துத் தள்ளும் படங்களில், வேகமாக நகரும் பொருள் புள்ளியாக விழாமல் கோடாக விழும். மென்பொருள் அந்தக் கோடுகளைப் பொறுக்கிக் கொடுக்கும். அவற்றில் பெரும்பாலும் செயற்கைக்கோள்கள். அதில் எது உண்மையான சிறுகோள் என்று கடைசியில் மனிதக் கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வேலையைச் செய்தவர்களில் இரண்டு பேர் மும்பை ஐஐடி மாணவர்கள், குணால் தேஷ்முக், கிருத்தி சர்மா. ஆகஸ்ட் 16 அன்று வந்த படங்களில் ஒரு கோட்டைப் பார்த்து, இது சிறுகோள் என்று பிடித்தார்கள். தொலைநோக்கி கலிபோர்னியாவில், கண்டுபிடித்த கண்கள் இந்தியாவில். உடனே இடங்களை அறிவிக்க, மற்ற வானாய்வகங்களும் திரும்பிப் பார்த்து அளவு கொடுத்தன. பாதையைக் கணக்கிட்டுப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தபோதுதான், காலையில் அது எவ்வளவு கிட்டத்தில் போயிருக்கிறது என்று தெரிந்தது. அதுவரை பூமியில் மோதாமல் தப்பிப் போனதாகத் தெரிந்த சிறுகோள்களில் மிக அருகே வந்தது அதுதான்.

அதற்கு வைத்த தற்காலிகப் பெயர் 2020 க்யூஜி. இந்தப் பெயர் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் சுவாரசியமாக இருக்கும். ஆண்டை 24 அரைமாதங்களாகப் பிரித்து ஆளுக்கொரு ஆங்கில எழுத்து கொடுத்திருக்கிறார்கள். க்யூ என்றால் ஆகஸ்ட் பிற்பாதி. அது தொடங்குவதே 16-ஆம் தேதிதான். அடுத்த எழுத்து ஜி, ஏழாவது. அதாவது அந்த அரைமாதத்தின் ஏழாவது கண்டுபிடிப்பு. நம் ராமானுஜனுக்கும் முதலில் 1988 டிக்யூ1 என்றுதான் பெயர். டி என்றால் பிப்ரவரி பிற்பாதி.

பாதையைப் பற்றி ஒரு வியப்பான செய்தி. இவ்வளவு கிட்டே வந்ததால் பூமியின் ஈர்ப்பு அதைச் சும்மா விடவில்லை. கடந்து போகும்போது அதன் பாதையை ஏறக்குறைய 45 டிகிரி திருப்பிவிட்டது. வந்த வழி வேறு, போன வழி வேறு. ஓடுகிறவன் திருப்பத்தில் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சுழன்று வேறு தெருவில் ஓடுவது போல. அன்று காலைக்கு முன் அது சூரியனைச் சுற்றிய நீள்வட்டம் இப்போது இல்லை, புதிய நீள்வட்டத்தில் சுற்றுகிறது. அதே ஆண்டு நவம்பர் 13 அன்று இன்னொன்று, 2020 விடி4, தென் பசிபிக் கடலுக்கு மேலே 400 கிலோமீட்டருக்கும் குறைவான உயரத்தில் போய் இந்தச் சாதனையை முறியடித்தது. அதையும் போன பிறகுதான் கண்டுபிடித்தார்கள்!

பயமாக இருக்கிறதா? 3 மீட்டர், 6 மீட்டர் கல் மோதினாலும் காற்றிலேயே வெடித்துச் சிதறிவிடும். அதற்குச் சாட்சி சூடான் பாலைவனம்.

2008 அக்டோபர் 6 அன்று அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சிறுகோள் கண்ணில் பட்டது. பெயர் 2008 டிசி3, அகலம் 4 மீட்டர் அளவு. முதல் அளவுகளிலேயே அது மோதப் போகிறது என்று தெரிந்துவிட்டது. கையில் இருந்தது 19 மணி நேரம். உலகமெங்கும் தொலைநோக்கி வைத்திருந்தவர்கள், பொழுதுபோக்குக்காகப் பார்ப்பவர்கள் உட்பட, அதன் பக்கம் திரும்பினார்கள். ஐந்நூறுக்கு மேல் அளவுகள் குவிந்தன. போக்சனுக்குக் கிடைத்தது இரண்டு! எந்த நிமிடம் எந்த இடம் என்று முன்கூட்டியே கணக்குச் சொன்னார்கள். அக்டோபர் 7 விடியற்காலையில் அப்படியே வடக்கு சூடானுக்கு மேலே, 37 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்தது. யாருக்கும் காயமில்லை. டிசம்பரில் கார்ட்டூம் பல்கலைக்கழக மாணவர்கள் பேராசிரியர்களோடு வரிசை கட்டிப் பாலைவனத்தில் நடந்து தேடினார்கள். கணக்குச் சொன்ன கோட்டின் மேலேயே கறுப்புக் கற்கள் கிடந்தன. பிறகும் பலமுறை போய் நூற்றுக்கணக்கான துண்டுகள் எடுத்தார்கள். மொத்த எடை பத்துக் கிலோவுக்குச் சற்று மேல். ஏறத்தாழ 80 டன் எடையுள்ள பாறை வந்து, கையில் கிடைத்தது ஒரு சின்ன அரிசி மூட்டை அளவு!

பெரியது வந்தால் கதை வேறு. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேலே ஏறத்தாழ 20 மீட்டர் பாறை வெடித்தது. அதுவும் சூரியன் பக்கத்திலிருந்து, முன்னறிவிப்பு இல்லாமல். 1,500 பேர் வரை காயம், பெரும்பாலும் ஜன்னல் கண்ணாடி சிதறித்தான். வெளிச்சத்தைப் பார்த்து என்னவென்று ஜன்னலோரம் ஓடி வந்தவர்களை, பிந்தி வந்த அதிர்வு தாக்கியது.

இப்போது நாட்றம்பள்ளிக்குத் திரும்பலாம்.

முன்கூட்டி யாரும் சொல்லவில்லை என்பதால் மட்டும் அது விண்கல் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. 2016 வரை, மோதுவதற்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோள்கள் மொத்தமே இரண்டுதான். கால்பந்து அளவுள்ள கல் எந்தத் தொலைநோக்கிக்கும் தெரியாது. ஆகவே பாதையிலிருந்து பதில் இல்லை. தரையில்தான் தேட வேண்டும்.

தரை என்ன சொல்கிறது? சிறிய கல் காற்றில் நுழைந்தால், உராய்வில் தன் வேகத்தை எல்லாம் பல கிலோமீட்டர் உயரத்திலேயே இழந்துவிடும். பிறகு மாடியிலிருந்து போட்ட கல் மாதிரி சாதாரணமாகத்தான் விழும். ஓடு உடையும், மேலே பட்டால் அடிபடும். 1954-ல் அமெரிக்காவின் அலபாமாவில் கூரையைத் துளைத்து வந்த விண்கல், சோபாவில் தூங்கிக்கொண்டிருந்த பெண்ணின் இடுப்பில் பட்டுக் கன்றிப் போனது, அவ்வளவுதான். அப்படி விழும் கல் தரையில் வெடிக்காது, சுற்றியுள்ள கண்ணாடிகளை நொறுக்காது. வெடிக்கிற அளவுக்கு வேகத்தோடு தரைக்கு வர வேண்டுமானால் அது மிகப் பெரிய பாறையாக இருக்க வேண்டும். அவ்வளவு பெரியது வந்திருந்தால் பட்டப்பகலிலும் ஒரு நெருப்புக்கோடு கிருஷ்ணகிரியிலிருந்து வேலூர் வரை தெரிந்திருக்கும். ஆம்பூர் டேனரியில் வேலை செய்கிறவர் பார்த்திருப்பார், பாலாற்றங்கரையில் மாடு மேய்க்கிறவர் பார்த்திருப்பார், அமிர்திக்குச் சுற்றுலா வந்த பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். சில நிமிடம் கழித்து ஜவ்வாது மலை முழுக்க இடி கேட்டிருக்கும். சூடானில் மனித நடமாட்டமே குறைந்த பாலைவனத்தில், விடிவதற்கு முன் வந்ததைக்கூட ரயில் நிலையத்தில் இருந்தவர்கள் பார்த்துச் சொன்னார்கள். நாட்றம்பள்ளியில் கேட்டது வெடிச்சத்தம் மட்டும்தான்.

விண்கல் தாக்கி ஒருவர் இறந்ததற்கு நம்பகமான எழுத்துச் சான்று உலகத்தில் உண்டா என்றால், உண்டு. 1888 ஆகஸ்டில், இன்று ஈராக்கில் இருக்கும் சுலைமானியாவில் ஒருவர் இறந்து, இன்னொருவர் முடமானதாக உள்ளூர் அதிகாரிகள் ஒட்டோமான் அரசுக்கு எழுதிய கடிதங்கள் துருக்கி ஆவணக் காப்பகத்தில் கிடைத்து 2020-ல் வெளியாயின. அந்தக் கடிதங்களிலும் முதலில் சொல்லப்படுவது வானத்தில் தெரிந்த வெளிச்சம்.

நாட்றம்பள்ளிக் குழியை விண்கல் குழி என்று எந்த ஆய்வும் நிலைநாட்டவில்லை. அறிவித்த ஒரு லட்சம் மட்டும் விண்கல் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது.